ஓ.பி. சீட்டும் கடவுச்சீட்டும்

செவிலியர் உலகில் எழுதப்படாத ஒரு படிநிலை உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிவோர் மேல்படியில் நிற்பர். அறுவை அரங்கினர் அவர்களுக்கு அடுத்து. வார்டில் இரவும் பகலும் மாறி மாறிப் பணியாற்றுவோர் அதற்கும் அடுத்து. புறநோயாளர் பிரிவில் காலம் கழித்த எங்களைப் போன்றோர் கடைசிப் படியில். “ஓ.பி. தானே?” என்ற இரண்டு சொற்களில் ஒரு பெண்ணின் பத்தாண்டு உழைப்பைத் தள்ளிவிடுவது எங்கள் தொழிலில் புதிதன்று. உள்ளூரில் இருக்கும்வரை இது அவ்வளவாக வலிப்பதில்லை. வேற்றூருக்கோ அயல்நாட்டிற்கோ வேலை தேடிப் புறப்படும் நாளில்தான் இந்தப் படிநிலை வழிமறித்து நிற்கிறது.

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சியைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் ஒரு கோட்டை மலை தென்படும். அதன் அடிவாரத்து ஊரே தியாகதுருகம். சுற்றிலும் கரும்பு, மரவள்ளி, மக்காச்சோளம். ஊர் பெரிதன்று. ஆனால் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் இதுவே சந்தை, இதுவே பேருந்து நிலையம், இதுவே மருத்துவமனை வாசல். இப்பகுதியின் மருத்துவ வாசல்களில் நெடுங்காலம் நின்றவர்கள் நாங்கள். ஆகவே, அங்கே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

காலை எட்டு மணிக்கு வரிசை தொடங்கும். கரும்பு வெட்டும்போது அரிவாள் பட்ட கால் ஒன்று துணிச்சுற்றோடு வந்திருக்கும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாதாந்தர மாத்திரை வாங்க வந்த மூதாட்டிகள் திண்ணையில் அமர்ந்திருப்பர். நாய்க்கடிக்கு மூன்றாவது ஊசி போட வேண்டிய சிறுவன் தாயின் முந்தானைக்குள் ஒளிந்திருப்பான். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று அவனுக்குரிய நாள்களை அவன் தாய் மறப்பாள், நாங்கள் மறக்கலாகாது. செவ்வாய்க்கிழமை என்றால் கருவுற்ற பெண்கள். புதன்கிழமை என்றால் தடுப்பூசிக்கு வரும் குழந்தைகள். தடுப்பூசிப் பெட்டியின் வெப்பநிலை இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் இடையில் இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் நெஞ்சு படபடக்கும்.

இத்தனைக்கும் நடுவே ஓர் ஆள் வருவார். “ஒண்ணுமில்ல சிஸ்டர், வாயுதான், ஒரு மாத்திரை குடுங்க” என்பார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும். இடது தோளைத் தம்மை அறியாமலே தேய்த்துக்கொண்டிருப்பார். வரிசையில் அவர் நாற்பதாவது ஆள். அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து படுக்க வைத்து இ.சி.ஜி. எடுத்து, மருத்துவரைக் கூப்பிட்டு, 108க்குச் சொல்லி, கள்ளக்குறிச்சிக்கு ஏற்றி அனுப்புவதற்குள் பத்து நிமிடம் ஆகியிருக்கும். வார்டில் இருப்பவர்க்கு நோயாளியின் கட்டில் தலைமாட்டில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. என்ன நோய் என்று அதில் எழுதியிருக்கிறது. எங்களுக்கு வந்து நிற்பவரின் முகத்தைத் தவிர வேறு குறிப்பேடு கிடையாது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். வந்தவர்கள் சொன்னவை வயிற்றுவலி, வாந்தி, கண் எரிச்சல் ஆகியவை. எந்த நாளும் எந்த ஓ.பி. வாசலிலும் பத்துப் பேர் சொல்லும் சொற்கள்தாம் இவை. அந்தச் சாதாரணச் சொற்களுக்குள் சாவு ஒளிந்திருப்பதை வாசலிலேயே கண்டுகொள்வது எத்தகைய பணி என்பதை, அந்நாள்களுக்குப் பிறகேனும் நம் மாவட்டம் அறிந்திருக்க வேண்டும்.

இனி நேர்முகத் தேர்வுக்கு வருவோம். நகரத்துப் பெரிய மருத்துவமனை ஆயினும், வளைகுடா நாட்டிற்கு ஆள் எடுக்கும் முகவர் ஆயினும், முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே: “எத்தனை படுக்கை?” நூறு படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனையில் இரண்டாண்டு உள்நோயாளர் அனுபவம் வேண்டும் என்பது பல விளம்பரங்களில் காணும் வாசகம். சிற்றூர்க் கிளினிக்கில் நான்காண்டு நின்ற பெண் இதற்கு என்ன விடை சொல்வாள்? படுக்கை மூன்று, அதில் ஒன்றின் கால் ஆடும். அத்துடன் நேர்முகம் முடிந்துவிடும்.

நற்செய்தி நூல்களைப் புரட்டினால் எங்களுக்குச் சற்று ஆறுதல் கிடைக்கிறது. நம் ஆண்டவர் செய்த குணமளிக்கும் பணியில் பெரும்பகுதி ஓ.பி. பணியே அன்றோ? வழியோரத்துப் பார்வையற்றவர், கூட்டத்தினிடையே ஆடையின் ஓரத்தைத் தொட்ட பெண், குளக்கரையில் முப்பத்தெட்டு ஆண்டு காத்திருந்தவர், எல்லாரும் புறநோயாளரே. சீமோனின் மாமியாரை நலமாக்கியது வீடு தேடிச் சென்ற சேவை. முடக்குவாதக்காரரிடம் படுக்கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னவர் அவர். படுக்கைகளின் எண்ணிக்கை அவரிடத்தில் குறைந்ததே தவிரக் கூடியதில்லை. இதை விளையாட்டாகச் சொல்கிறோம் என்று வாசகர் எண்ணலாம். பாதி விளையாட்டுத்தான்.

மறைபரப்பு வரலாறும் இதனையே காட்டுகிறது. நம் நாட்டுப்புறங்களில் கன்னியர் மடத்தை அடுத்து இருந்தது பெரும்பாலும் ஒரு சிறிய டிஸ்பென்சரிதான். மருந்துப் பெட்டியோடு கிராமம் கிராமமாக நடந்த சகோதரிகளை எங்கள் பாட்டிமார் நினைவில் வைத்திருந்தனர். மருத்துவர் அன்னா டெங்கல் அம்மையார் 1925இல் மருத்துவ மறைபணிச் சகோதரிகள் சபையைத் தொடங்கியதும், துறவறச் சகோதரிகள் மகப்பேற்றுப் பணியில் ஈடுபடுவதற்கு இருந்த தடையை 1936இல் உரோமை நீக்கியதும், அத்தகைய பணி எவ்வளவு இன்றியமையாதது என்பதைத் திருச்சபை கண்டுகொண்டதன் அடையாளங்கள். இச்சகோதரிகள் ஊர்விட்டு ஊர் சென்றவர்கள், நாடுவிட்டு நாடு வந்தவர்கள். அவர்களையும் பயணச் செவிலியர் என்றே சொல்லலாம்.

அமெரிக்காவில் அப்பெயரிலேயே ஒரு வேலைமுறை இருக்கிறது. ஆள் பற்றாக்குறை உள்ள மருத்துவமனைக்கு ஒரு நிறுவனத்தின் வழியாக ஒப்பந்தத்தில் சென்று, பெரும்பாலும் பதின்மூன்று வாரம் பணிசெய்து, பின்பு வேறிடம் செல்வது. அங்கும் முதலிடம் வார்டுக்கும் தீவிர சிகிச்சைக்குமே. ஆயினும் டயாலிசிஸ் நிலையம், உட்காட்டிப் பரிசோதனை, புற்றுநோய்க்கு மருந்தேற்றும் பகல்நேரப் பிரிவு, கிளினிக் ஆகியவற்றுக்கும் பயணச் செவிலியரை எடுக்கிறார்கள். புறநோயாளர் செவிலியத்திற்கென்றே தனிச் சான்றுத் தேர்வும் அங்குண்டு. நம் பெண்களுக்கு அந்த நாடு எளிதில் திறக்கும் கதவன்று; என்கிளெக்ஸ் தேர்வு, ஆங்கிலத் தேர்வு, அதற்குப் பின் இந்தியர்க்கு ஆண்டுக்கணக்கில் நீளும் விசாக் காத்திருப்பு என்று தடைகள் பல. ஆயினும் பதின்மூன்று வாரம் என்ற கணக்கு எங்களை வேறோரிடத்திற்கு அழைத்துச் சென்றது. பதின்மூன்று வாரம் என்பது ஏறத்தாழ மூன்று மாதம். கருவுற்றிருந்த முதிய உறவினரைக் காண யூதேய மலைநாட்டிற்கு விரைந்து சென்ற அன்னை மரியா அங்கே தங்கியதும் ஏறத்தாழ மூன்று மாதம் என்று லூக்கா எழுதுகிறார். மலைநாட்டுப் பயணமும் குறிப்பிட்ட காலப் பணியும் அதன்பின் வீடு திரும்புதலும் சேர்ந்த அந்தக் கதையில் அன்னையிடம் எவரும் முன்னனுபவம் கேட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் பங்கின் கிளைக் கிராமம் ஒன்றில் ஒரு பெண். செவிலியர் பட்டயப் படிப்பை முடித்தவள். தந்தை கரும்பு வெட்டுக் கூலி. தாய் நூறு நாள் வேலைக்குச் செல்பவள். படிப்பிற்காகத் தாயின் நகை அடகிற்குச் சென்றது. அது போதாமல் வெளியிலும் கடன். நான்காண்டு ஒரு கிளினிக்கில் பணிபுரிந்தாள். அங்கு வாங்கிய ஊதியம் வட்டிக்கும் பேருந்துக்கும் சரியாயிருந்தது. அவளைக் குறை சொல்வதற்கில்லை, கிளினிக்கையும் குறை சொல்வதற்கில்லை. அரசே 2015இல் தேர்வு வைத்து எடுத்த ஒப்பந்தச் செவிலியர்க்குத் தொடக்கத்தில் கொடுத்தது மாதம் 7,700 ரூபாய். இந்நிலையில் ஒரு பெண் வெளிநாடு என்று எண்ணுவதைப் பேராசை என்று பிரசங்க மேடையிலிருந்து சொல்பவர்கள், அந்த வீட்டு அடகுச் சீட்டை ஒருமுறை வாங்கிப் பார்த்தால் நல்லது.

அவள் ஓர் இடைத்தரகரைச் சந்தித்தாள். அவர் சான்றிதழைப் பார்த்துச் சிரித்தார். “ஓ.பி. அனுபவத்தை வெச்சு ஒண்ணும் ஆகாதும்மா. இருநூறு படுக்கை ஆஸ்பத்திரியில மூணு வருசம் ஐ.சி.யு.ல இருந்ததா லெட்டர் வாங்கித் தர்றேன். நாப்பதாயிரம் ஆகும்” என்றார். அவள் எங்களிடம் வந்தது அறிவுரை கேட்க அன்று, பணம் கேட்க.

“எல்லாரும் வாங்குறாங்க சிஸ்டர். வாங்காதவங்கதான் இங்கயே கெடக்குறாங்க” என்றாள். உடன் வந்திருந்த தாய் தலையைக் குனிந்துகொண்டு, “பொய் சொல்லாம எந்தப் புள்ள வெளிநாடு போயிருக்குது?” என்றாள். எட்டாம் கட்டளையைச் சொல்லி அவர்களை அனுப்பிவிட எங்களுக்கு வாய் வரவில்லை. வயிறு நிறைந்தவர் பசித்தவருக்குக் கட்டளை சொல்வது எளிது. ஆயினும் அந்தச் சான்றிதழை ஏன் வாங்கக் கூடாது என்பதற்கு எங்களிடம் தொழில் சார்ந்த காரணங்கள் இருந்தன. அவற்றை மட்டும் சொன்னோம்.

முதலாவது, தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக் கருவியின் எச்சரிக்கை மணி ஒலிக்கும்போது காகிதம் எழுந்து வந்து அதைச் சரிசெய்யாது. மூன்றாண்டு அனுபவமுள்ளவள் என்று நம்பி இரவில் இவளைத் தனியே விட்டுச் செல்வார்கள். அந்தக் கட்டிலில் கிடப்பவர் எவர் வீட்டுப் பிள்ளையோ. அந்தப் பொய்க்கான விலையை அவர் கொடுப்பார்.

இரண்டாவது, சான்றிதழைச் சரிபார்க்கும் முறை இப்போது கடுமையானது. வளைகுடா நாடுகளின் உரிம அமைப்புகள் டேட்டாஃப்ளோ என்னும் நிறுவனத்தின் வழியாகச் சான்றிதழை வழங்கிய இடத்திற்கே எழுதிக் கேட்கின்றன. போலி என்று பதிவாகிவிட்டால் அந்தக் கறை பிற விண்ணப்பங்களையும் தொடரும்.

மூன்றாவது காரணத்தை நாங்கள் முன்கூட்டி எண்ணியிருக்கவில்லை; பேச்சின் நடுவே வந்தது. “கண்ணு, அந்த மூணு வருசமும் நீ அங்க இருந்தேன்னு எழுதினா, இங்க இருந்தது யாரு?” என்று கேட்டோம். ஒரே தேதியில் இரண்டு மருத்துவமனைகளில் ஒருத்தி இருக்க இயலாது. பொய்ச் சான்றிதழ் செல்ல வேண்டுமானால் மெய்ச் சான்றிதழைக் கிழித்துவிட வேண்டும். தான் செய்த வேலையைச் செய்யவில்லை என்று அவளே கையெழுத்திட வேண்டும். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, ஒரு நாளைக்கு அறுபது பேர், ஆண்டுக்கு முந்நூறு நாள், நான்காண்டு என்று விரல்விட்டுக் கணக்கிட்டாள். எழுபத்திரண்டாயிரம் வந்தது. வந்தவர்களே மீண்டும் வந்திருப்பர். ஆனாலும் எழுபத்திரண்டாயிரம் தடவை ஒருவருடைய நாடியைப் பார்த்திருக்கிறாள், அல்லது ‘என்ன செய்யுது?’ என்று கேட்டிருக்கிறாள். “இத எங்க எழுதறது சிஸ்டர்?” என்றாள்.

நியாயமான கேள்வி. எழுதுவதற்கு இடம் உண்டு. எழுதத்தான் நம் பெண்களுக்குப் பழக்கம் இல்லை. ‘ஓ.பி.யில் செவிலியராகப் பணிபுரிந்தார்’ என்ற ஒற்றை வரிச் சான்றிதழைக் கொடுத்தால் ஒற்றை வரி மதிப்பே கிடைக்கும். நாளொன்றுக்கு எத்தனை நோயாளிகள், நரம்பில் ஊசி ஏற்றியது, இ.சி.ஜி. எடுத்தது, நெபுலைசர் வைத்தது, சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டது, தையலுக்கு உதவியது, தடுப்பூசியின் குளிர்நிலை காத்தது, அவசர நோயாளியை நிலைப்படுத்தி மேல்சிகிச்சைக்கு அனுப்பியது ஆகியவற்றைத் தனித்தனியே எழுத வேண்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, பிரிவு, வார வேலை நேரம் ஆகியவை நிறுவனத் தாளில் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவு காலாவதியாகாமல் இருக்க வேண்டும். மேலும் ஒன்று, சிறு கிளினிக்கில் பணிபுரிந்தோர் பலர் இதில்தான் வீழ்கின்றனர். சரிபார்ப்பு நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பும்போது விடையளிக்க அங்கே ஓர் ஆள் வேண்டும். சான்றிதழ் மெய்யாயிருந்தும் விடை வராததால் ‘சரிபார்க்க இயலவில்லை’ என்று திரும்பிய விண்ணப்பங்கள் உண்டு. இவளுடைய கிளினிக்கின் மருத்துவர் முதியவர். மின்னஞ்சல் பார்க்கும் வழக்கமே இல்லாதவர். அவர் பேரனிடம் சொல்லி ஏற்பாடு செய்தோம்.

ஓ.பி. பணி கைகொடுக்கும் மற்றோர் இடம் ஆங்கிலத் தேர்வு. மருத்துவத் துறையினர்க்கான ஓ.இ.டி. தேர்வின் பேச்சுப் பகுதியில், எதிரில் ஒருவர் நோயாளியாக நடிக்க, ஐந்து நிமிட அளவில் இரண்டு உரையாடல்கள் நடத்த வேண்டும். அஞ்சுகிறவரை அமைதிப்படுத்து, மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது என்று விளக்கு, மறுமுறை எப்போது வர வேண்டும் என்று சொல் என்பது போன்றவை. இது என்ன? அப்பட்டமான ஓ.பி. வேலை. மொழி மட்டுமே புதிது. ஜெர்மனிக்குச் செல்வோர் பி2 நிலை வரை அம்மொழியைக் கற்க வேண்டும். அதற்கு ஓராண்டேனும் ஒதுக்கும் பொறுமை வேண்டும். 1960களில் கேரளத்திலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் திருச்சபை நிறுவனங்களின் வழியாக ஜெர்மனிக்குச் சென்றபோது, அங்கு போன பிறகே பலர் மொழியைக் கற்றார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் எத்தனையோ வீடுகளுக்கு ஓடு ஏறியது. ஆனால் எழுபதுகளில் வேலைநிலை மாறியபோது உரிமம் நீட்டிக்கப்படாமல் பலர் திரும்பவும் நேர்ந்தது. அனுப்பியவர்கள் அவர்களை எதிர்பார்த்து வரவேற்றார்களா என்பதை நம் திருச்சபை தன் மனச்சான்றிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்வது கடமை. உரிமம் பெற்ற முகவர், வெளிநாடு செல்பவரிடம் வாங்கத்தக்க கட்டணம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. வரி. அதற்கும் இரசீது தரவேண்டும். 2015இல் குவைத்துக்குச் செவிலியரை அனுப்பிய கொச்சி நிறுவனம் ஒன்று, 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் பத்தொன்பதரை லட்சம் வாங்கியதாக மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடுத்தது. சைபரை எண்ணிப் பார்க்கும்போதே தலை சுற்றுகிறது. அவ்வாண்டிலேயே, குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியரை அனுப்பும் பணியைத் தனியார் முகவர்களிடமிருந்து எடுத்து மாநில அரசு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது மத்திய அரசு. தமிழ்நாட்டில் அது, 1978இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், சென்னையில் உள்ளது. நம் ஊர்ப்பெண்கள் பலருக்கு அதன் பெயரே தெரியாது. தெருமுனைத் தரகர் பெயர் தெரிகிறது.

கடன்பட்டுச் செல்வது எவ்வளவு கொடியது என்பதை 2014இல் ஈராக்கில் கண்டோம். திக்ரித் நகர மருத்துவமனையில் சிக்கியிருந்த 46 இந்தியச் செவிலியர் ஜூலை 5ஆம் நாள் கொச்சி வந்து இறங்கினர். நாற்பத்தைவர் கேரளப் பெண்கள். ஒருவர் நம் தூத்துக்குடியைச் சேர்ந்தவர். குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாள்களிலும், ஊதிய பாக்கி வராமல், கடன் அடையாமல் எப்படித் திரும்புவது என்று அவர்களில் சிலர் தயங்கியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. போரைவிட அடகுக்கடை அச்சுறுத்தியது.

அப்பெண் பொய்ச் சான்றிதழை வாங்கவில்லை. ஆகவே அந்த வாய்ப்பு போயிற்று. அவளோடு படித்த ஒருத்தி சென்றுவிட்டாள். வீட்டில் சில மாதம் யாரும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கோயில் வாசலில் கண்டும் காணாததுபோல் சென்றார்கள். அதை நாங்கள் தவறாக எண்ணவில்லை; மெய்க்கு உடனடியாகக் கூலி கிடைப்பதில்லை, அந்த இடைவெளியில் வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது.

பின்னர் மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் விளம்பரம் ஒன்று வந்தது. பதினொரு மாத ஒப்பந்தம். நடமாடும் மருத்துவக் குழு. இடம் கல்வராயன் மலை. அவள் முதலில் தயங்கினாள். அயல்நாடு செல்ல எண்ணியவளுக்கு வெள்ளிமலை எம்மாத்திரம்? “அதுவும் பயணந்தான், போய்ப் பார்” என்றோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பேருந்து மலையேறும். அதற்கப்பால் குழுவின் வண்டி, வண்டி செல்லாத இடத்தில் கால்நடை. மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்களில் புளியமரத்தடியே ஓ.பி.; மேசை ஒன்று, மருந்துப் பெட்டி இரண்டு. அங்கே ஆண்கள் பலர் காப்பித் தோட்ட வேலைக்குக் கேரளத்திற்கும் கருநாடகத்திற்கும் சென்றிருப்பர். முதியோரும் கருவுற்ற பெண்களும் ஊரில் இருப்பர். இரத்தசோகை, காய்ச்சல், பாம்புக்கடி. அடுத்த முறை குழு வரும்வரை இந்த நோயாளி தாங்குவாரா, இப்போதே கீழே அனுப்ப வேண்டுமா என்பதை அந்த மரத்தடியில் முடிவுசெய்ய வேண்டும். 2021 ஆகஸ்டு 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது முதல், நோயாளியின் வீட்டு வாசலுக்கே மாத்திரையோடு செல்வது அரசின் முறையாகவும் ஆகியிருக்கிறது. நோயாளி வருவதற்கு மாறாகச் செவிலி செல்கிறாள். மற்றபடி வேலை ஒன்றே.

அந்தப் பதினொரு மாதத்தில் அவளிடம் ஒரு மாறுதலைக் கண்டோம். நாள்தோறும் பார்த்தவர்களின் எண்ணிக்கையையும் செய்த பணியையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கத் தொடங்கினாள். மலையிலிருந்து இறங்கிய பின், சேலத்தில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் குறைந்த ஊதியத்திற்குச் சேர்ந்து ஓராண்டு கற்றாள். இதையும் சொல்லியாக வேண்டும்: ஓ.பி. அனுபவம் மட்டுமே எல்லாக் கதவையும் திறக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. உள்ளதை மறைக்காமல் வைத்துக்கொண்டு, இல்லாததைக் கற்றுச் சேர்ப்பதற்குக் காலம் பிடிக்கும். அவளுக்கு மொத்தம் இரண்டரை ஆண்டு பிடித்தது.

வளைகுடா நாடு ஒன்றில், கட்டுமானத் தொழிலாளர் குடியிருப்பை ஒட்டிய கிளினிக்கிற்குச் செவிலியர் தேவை என்று அறிவிப்பு வந்தது. படுக்கையில்லாக் கிளினிக். கணினி வழியே நேர்முகம். எதிரில் இருந்த அம்மையார் படுக்கையைப் பற்றிக் கேட்கவில்லை. “ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்? கூட்டத்தில் யாரை முதலில் உள்ளே அழைப்பீர்கள்?” என்று கேட்டாராம். அவள் வியர்வை வழிய நின்ற அந்த ‘வாயு’க்காரர்களைப் பற்றித் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாளாம். டேட்டாஃப்ளோவின் மின்னஞ்சல் வந்தபோது முதியவரின் பேரன் மறக்காமல் விடை எழுதினான்.

இப்போது அங்கே அவள் வாசலில் நிற்கிறாள். வருபவர்கள் தமிழர், தெலுங்கர், வங்காளியர், நேப்பாளியர். கோடையில் வெயில் மயக்கத்தோடு வருவோரே மிகுதியாம். ஒப்பந்தம் இரண்டாண்டு. நகையை மீட்க இன்னும் சில தவணைகள் இருக்கின்றன. தாய் எங்களோடு பேசத் தொடங்கிவிட்டாள். எனினும் நாப்பதாயிரம் கொடுத்துச் சென்ற அந்த இன்னொருத்தி இரண்டரை ஆண்டு முன்பே சம்பாதிக்கத் தொடங்கினாள் என்பதை அவ்வப்போது நினைவூட்டவும் தவறுவதில்லை. அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

அவளுடைய தங்கை இப்போது பட்டயப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறாள். முடித்ததும் எங்கே சேர்வது என்று சென்ற ஞாயிறு திருப்பலிக்குப் பின் கேட்டாள். முதலில் ஈராண்டு வார்டு, இரவுப் பணியோடு. அதன்பின் எங்கு வேண்டுமானாலும் என்றோம். “அக்கா மாதிரி ஓ.பி. வேணாமா சிஸ்டர்?” என்றாள். வேண்டும், ஆனால் நோட்டு ஒன்று வாங்கி முதல் நாளிலிருந்தே எழுதி வை என்று சொல்லியிருக்கிறோம்.